இருநூற்றுப் பதினோராவது வாக்கு

வாக்கெடுப்பு தொடங்கி இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில், நிலவின் இந்தக் குகைநகரில் நிறைமதி இருப்பாளா என்பது தெரிந்துவிடும்.

'நிறைமதி நகரை விட்டுப் போக வேண்டுமா?' கேள்வியைப் போட்டது தாரணிதான். மணிக்கட்டில் கட்டிய 'முடிவி' என்ற வாக்குக் கருவியில் யாரும் எதையும் கேட்கலாம். பெயர் வெளியே வராது. ஒரு நாளில் பாதிக்கு மேல் 'ஆம்' விழுந்தால் அதுவே சட்டம். மன்றமும் இல்லை, நீதிபதியும் இல்லை. யாரையும் வாக்கெடுத்து வெளியேற்றக் கூடாது என்ற ஒரு விதி முன்பு இருந்தது. போன வருடம் ஒரு குடிகாரனைச் சுரங்க முகாமுக்கு அனுப்புவதற்காக அதையும் வாக்கெடுத்தே நீக்கினார்கள். அப்போது தாரணியும் 'ஆம்' அழுத்தியிருந்தாள்.

காற்று நிலையத்தில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். நிலவு மண்ணில் தாரணியின் கறிவேப்பிலைக் கன்று மூன்று முறை பட்டுப்போனது. நிறைமதியுடையது இடுப்பளவு வளர்ந்தது. ஒரு கொத்து கேட்டு ஊரே அவள் வாசலில் நின்றது. தாரணியும் நின்றாள். வாங்கி வந்ததைத் தாளிக்காமல் குப்பையில் போட்டாள்.

ஆம் 211. இல்லை 210.

'இல்லை' என்றவர்கள் வெளியேறுபவரோடு வாயில்வரை நடப்பது வழக்கம். தாரணியும் கூச்சமில்லாமல் நடந்தாள். வெளியேற்றப்பட்டவரை ஏற்றிச் செல்லும் ஊர்தி அருகே நிறைமதி செடித்தொட்டியை அவள் கையில் கொடுத்து, இனி இது உன்னுடையது என்றாள். எல்லாரும் செடியைப் பார்த்தார்கள், பிறகு தாரணியை. அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மணிக்கட்டு அதிர்ந்தது. புதிய கேள்வி. அதில் தாரணியின் பெயர்.

நிறைமதி சிரித்துக்கொண்டிருந்தாள். தாரணிக்கு வயிறு எரிந்தது.

"ஊரே துரத்துது, உனக்கு என்னடி சிரிப்பு?"

"நான் போற மலைநகர்ல அஞ்சு பேரத் தேர்ந்தெடுத்து ஆள விட்டிருக்காங்க. அந்த அஞ்சு பேரும் ஊரும் சேர்ந்து சொன்னாக்கூட ஒருத்திய வெளிய தள்ள முடியாது. அப்படி எழுதி வச்சிருக்காங்க. ஒரே ஒரு இடம் காலியா இருந்துச்சு. கேட்டு வாங்கிட்டேன்."

"அப்ப முன்னாடியே கிளம்பியிருக்கலாமே."

"தானா கிளம்புறவளுக்கு ஊர்தியில சீட்டு ஏது? ஊர் அனுப்பினாத்தானே."

கதவு மூடத் தொடங்கியது. நிறைமதி குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு வோட்டுலதான தோத்தேன். அது என் வோட்டுடி."