ஊசி போட்டது யார்?

காலை ஆறரை. துணுக்காய்ப் பளுதூக்கும் மண்டபத்தில் பயிற்சியாளர் கணபதி மாஸ்டர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை சிதறியிருந்தது. பக்கத்தில் கிடந்த இரும்புப் பளுத்தட்டின் விளிம்பில் இரத்தமும் மயிரும். இறுகியிருந்த அவருடைய கையைப் பிரித்தபோது உள்ளே ஒரு சின்ன ஊக்கமருந்துப் போத்தல் நொறுங்கிக் கிடந்தது; உள்ளங்கையெல்லாம் அதன் எண்ணெய்.

மாஸ்டர் அதை யாரிடமிருந்தோ பிடுங்கியிருக்கிறார், பிடுங்கியதற்காகவே செத்திருக்கிறார். சப்-இன்ஸ்பெக்டர் கௌசலாவுக்கு அது பார்த்தவுடனே விளங்கிவிட்டது. போத்தல் யாருடையதோ, அவன்தான் கொலைகாரன்.

காலையில் தரை கூட்ட வந்த விமலேஸ்வரி பிணத்தைக் கண்டு கத்தியபோது மண்டபத்தில் நின்றவர்கள் இரண்டே பேர், அண்ணனும் தம்பியும். அண்ணன் யதுர்ஷன் அடுத்த வாரம் தேசியப் போட்டிக்குப் போகவிருந்தவன். தம்பி நிருஷன் அவனுக்குத் தட்டு மாற்றிக் கொடுப்பவன்.

கௌசலா இரண்டு கதிரைகளைக் காட்டினார். தம்பி தொப்பென்று உட்கார்ந்தான். அண்ணன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைச் சுளித்து, மறுபடி எழுந்து நின்றுகொண்டான்.

“ஊக்கமருந்து பாவிக்கிறனீரோ?”

“சத்தியமா இல்லை மிஸ்,” என்றான் யதுர்ஷன்.

“நான்தான் ஊசி போட்டனான்,” என்று தம்பி முந்திக்கொண்டான். “மாஸ்டர் கண்டிட்டார். எல்லாருக்கும் சொல்லுவன் எண்டார். மருந்து வெறியிலை அடிச்சுப்போட்டன்.”

பொலிஸ்காரர் விலங்கை எடுத்தார். கௌசலா கைகாட்டி மறித்தார். இந்தக் கேள்விக்கு ஆயிரம் சத்தியத்தோடு ‘இல்லை’ என்பவர்களைத்தான் அவர் கண்டிருக்கிறார். வலிய வந்து ‘ஓம்’ என்பவனை இன்றுதான் பார்க்கிறார். மீசைகூடச் சரியாக முளைக்காத இந்தப் பெடியன் ஆயுள் முழுக்கச் சிறையில் கிடக்கப் போகிறானா?

“எங்கை போட்டனீர் தம்பி?”

நிருஷன் அண்ணனைப் பார்த்தான். பிறகு முழங்கையின் உட்பக்கத்தை நீட்டினான். “இந்த நரம்பிலை. கன நாளா.”

அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

“இது எண்ணெய் மருந்து. நரம்பிலை ஏத்தினா உயிர் போயிடும். குண்டியிலைதான் போடுறது. போட்ட இடம் சீழ் கட்டினா, கதிரையிலை இருக்கவும் ஏலாது.” கௌசலா அண்ணன் பக்கம் திரும்பினார். “யதுர்ஷன், இரும் பாப்பம். இல்லாட்டி டொக்டரிட்டைக் காட்டுவமோ? மாஸ்டரை அடிச்சது நீர்தான்.”

யதுர்ஷன் உட்காரவில்லை. பாய்ந்து தம்பியின் வாயில் குத்தினான். நிருஷன் கதிரையோடு பின்னால் சரிந்தான்.

“சொல்லித் தந்ததைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாதே உனக்கு!”

இரண்டு பொலிஸ்காரர் அவனை நிலத்தோடு அமுக்கினார்கள். கௌசலா தம்பியைத் தூக்கி நிறுத்தினார். அவன் உடைந்த பல்லைக் கையில் துப்பினான்.

“அண்ணை அடிச்சதையும் எழுதட்டோ?” என்று கேட்டார் கௌசலா.

“அவர் அடிக்கேல்லை மிஸ்,” என்றான் நிருஷன். “நானாத்தான் விழுந்தனான்.”