பூசணி மஞ்சள், பீட்ரூட் சிவப்பு

செவ்வாய்க் கிரகத்தில் பொன்னகர்க் குடியிருப்பின் கூரைக்குள் இலையுதிர்காலம் தொடங்கியிருந்தது. விளக்குகளை மங்கலாக்கி, குளிரைக் கூட்டி, வாதாம் மரங்களை ஏமாற்றி வரவழைத்த இலையுதிர்காலம். தெருவெல்லாம் சிவந்த இலைகள் கிடந்தன. நப்பின்னை வீட்டு வாசலில் மட்டும் ஓர் இலைகூட இல்லை. அவள் கணவன் இளவழகன் பொருத்திய உறிஞ்சி, இலை தரையைத் தொடுமுன்பே கபக்கென்று விழுங்கிவிடும். "குழந்தை இருக்கிற வீட்டுல குப்பை சேரலாமா?" என்பான். இருவரும் பூமியிலிருந்து குடிவந்தவர்கள்.

அந்தக் குழந்தை துளிருக்குத்தான் இன்று தொடுதேர்வு.

செவ்வாயில் மண்ணைப் பிசைந்து பயிர் வைக்காதவருக்குச் சோறு கிடையாது. ஆகவே நடை பழகிய ஒவ்வொரு குழந்தையும் வண்ணக் கூழில் கைவிட்டு விளையாடிக் காட்ட வேண்டும். கூசி அழுகிற குழந்தைக்குப் பிடரியில் நுனிச்சில்லு என்ற மின்சில்லை வைத்துவிடுவார்கள். கூச்சம் போய்விடும். கூடவே தொடுவதன் சுகமும் போய்விடும். எதைத் தொட்டாலும் சூடு இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று காதுக்குள் செய்தி வரும், அவ்வளவுதான். பெற்ற தாய் முத்தம் கொடுத்தாலும் அதே செய்திதான். ஒருமுறை வைத்தால் எடுக்கவும் முடியாது.

துளிர் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். அரசாங்கக் கூழைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வீறிட்டாள். இது கடைசி வாய்ப்பு. இம்முறை பெற்றோரே வீட்டில் கூழ் செய்துகொள்ளலாம் என்று விதி இடம் கொடுத்தது.

நப்பின்னை காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. கூவைக்கிழங்கு மாவைக் கட்டி தட்டாமல் காய்ச்சினாள். பூசணி, கேரட், பீட்ரூட் மூன்றையும் குழைய வேகவைத்து, மசித்து, வடிகட்டி, தனித்தனிக் கிண்ணத்தில் கலந்தாள். உதிர்கிற வாதாம் இலையின் நிறமெல்லாம் வந்துவிட்டது. வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை. வாசனை தூக்கினால் பிள்ளை மிரளுவாள் என்று எதையும் தாளிக்கவில்லை. சில்லிட்டால் கூசுவாள் என்று வெதுவெதுப்பாகவே வைத்திருந்தாள். இத்தனையும் கையுறை போட்டுக்கொண்டு, நீளக் கரண்டியால். ஒரு சொட்டு மேலே படவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"ஏங்க, இந்தத் தடவையும் தொடலைன்னா?" என்றாள்.

"சும்மா பயப்படாத. ஈரத்துணி நாலு எடுத்து வச்சிருக்கேன்ல."

பாருங்கள் இந்தக் கூத்தை! கையை அழுக்காக்கும் தேர்வுக்கு மனிதர் துடைக்க ஆயத்தமாகிறார்.

தேர்வு நடத்தும் இயந்திரமான தேர்வி வந்தது. இடுப்பளவு உயரம், நெற்றியில் ஒரு விளக்கு, கனிந்த குரல். விரிப்பின்மேல் விரிப்பு போட்டு, கழுத்துவரை மேலங்கி மாட்டித் துளிரை உட்காரவைத்திருந்தார்கள்.

குழந்தை பூசணிக் கிண்ணத்தைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். பாதியில் நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தொடுடா தங்கம், ஒண்ணும் பண்ணாது," என்று நப்பின்னை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

விரல் நுனி கூழில் பட்டது. ஒரு சொட்டு விரிப்பில் விழுந்தது.

"அய்யய்யோ!" என்று இளவழகன் ஈரத்துணியோடு பாய்ந்தான். சின்னக் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது. உதடு பிதுங்கியது. தேர்வியின் நெற்றியில் சிவப்பு ஏறத் தொடங்கியது.

"சும்மா இருக்க மாட்டீங்களா? காரியத்தையே கெடுத்துட்டீங்களே!" நப்பின்னைக்கு அழுகை முட்டியது.

"அம்மா, நீங்க முதல்ல தொட்டுக் காட்டுங்க. புள்ளைங்க பாத்துத்தானே கத்துக்கும்," என்றது தேர்வி. "கையுறை வேண்டாம்."

"நானா?"

கையுறையைக் கழற்றினாள். கூழின் வழவழப்பைப் பார்க்கும்போதே குமட்டியது. மகளின் பிடரியைப் பார்த்தாள். பூனைமுடி படர்ந்த அந்த இடத்தில்தான் சில்லை வைப்பார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பீட்ரூட் கூழில் மணிக்கட்டுவரை கையை விட்டாள்.

துளிர் கலகலவென்று சிரித்தாள். அடுத்த நொடி அவளுடைய இரண்டு கையும் கூழுக்குள். அளைந்தாள், அப்பினாள், நக்கினாள், அப்பாவின் வேட்டியில் கேரட் நிறத்தில் ஐந்து விரலையும் பதித்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"தேறிட்டா," என்றது தேர்வி.

நப்பின்னை அழுதாள். பிள்ளை பிழைத்துவிட்டாள்! சிவந்த கையை உடம்பில் படாமல் எட்ட நீட்டிக்கொண்டே, ஓங்கரித்துக்கொண்டே அழுதாள். "ஏங்க, சீக்கிரம் அந்தத் துணியைக் குடுங்களேன்!"

தேர்வி கிளம்பவில்லை. அதன் விளக்கு அவள் பக்கம் திரும்பிச் சிவந்தது.

"குழந்தைக்குக் கூச்சமே இல்லம்மா. உங்க முகத்தைப் பாத்துத்தான் பயந்திருக்கா. கோளாறு உங்ககிட்டதான். ஐயாகிட்டயும்."

"எங்களுக்கு என்ன? பூமியில எல்லாரும் இப்படித்தான் புள்ள வளப்பாங்க!"

"தெரியும். அதனாலதான் இங்க இந்த விதியே வந்துச்சு. பெரியவங்களுக்கும் சேத்துத்தான்."

பிற்பகலில் இருவருக்கும் சில்லு வைத்தாயிற்று. வீடு திரும்பியதும் துளிர் மிச்சக் கூழை அளைந்துவிட்டுத் தத்தித் தத்தி ஓடிவந்தாள். இரண்டு கையாலும் அம்மாவின் கன்னங்களைப் பற்றிக்கொண்டு அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள்.

காதுக்குள் செய்தி வந்தது: ஈரம். இளஞ்சூடு. ஆபத்து இல்லை.

நப்பின்னைக்கு அருவருப்பு கொஞ்சமும் வரவில்லை. கை மட்டும் தானாகப் போய் ஈரத்துணியை எடுத்தது.