தெளிந்த வெள்ளம்

மூன்று நாள் அடைமழை. மேலே அணையில் மதகுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றளவு நிலையத்தின் மாதிரி எடுப்பவர் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய கண்ணாடிப் புட்டி மேலே வந்தபோது, அதிலிருந்த தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கீழே தூண்களில் மோதி மூச்சிரைத்துக்கொண்டு, ஈரக்கல் வாடையை முகத்தில் அறைந்தபடி இத்தனை வெறியோடு ஓடுகிற வெள்ளம், டீ நிறத்திலாவது இருக்க வேண்டாமா?

உண்மையைச் சொன்னால், அவர் புட்டியை நனைத்து ஆறு வருஷமாகிறது. ஆற்றில் வண்டல் எவ்வளவு வருகிறது என்ற படிவத்தை மேசையிலேயே நிரப்பிவிடுவார். போன வருஷத்து எண்ணைக் கொஞ்சம் ஏற்றுவார், கொஞ்சம் இறக்குவார். அந்த எண்களை நம்பித்தான், அள்ளினாலும் மறுபடி நிரம்பிவிடும் என்று, ஊழியர் குடியிருப்பை ஒட்டிய படுகையில் மணல் அள்ள அனுமதித்தார்கள். வண்டலோ அணைக்குப் பின்னால் மலையாகப் படுத்துக் கிடந்தது. இன்று ஆய்வுக் குழு வருகிறது. புட்டிக்குக் குளியல் யோகம் அதனால்தான்.

“பாத்தியாய்யா, ஸ்படிகம்!” என்றார் பொறியாளர். அவர் தும்மினாலும் துவக்கவுரை போலிருக்கும். “நதியை நாம பழக்கி வச்சிருக்கோம்.”

“மண்ணு இல்லாத தண்ணி சும்மா போகாது சார். கரையைத் தின்னும்.”

“குழு கிளம்புனதும் திங்கச் சொல்லு.”

பதினொரு மணிக்கு இறக்கிய புட்டியின் அடியில் ஏதோ படிந்தது. வடிதாளில் வடித்து, அடுப்பில் உலர்த்தி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஆற்று மண் இல்லை. செங்கல் தூள். சுண்ணாம்பு. நடுவில், நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைப் பெயின்ட் சில்லு.

அந்தப் பச்சையை அவருக்குத் தெரியும். அலுவலகப் படகுக்கு வாங்கி மிஞ்சிய பெயின்டில் மஞ்சளைக் கொட்டி, வேறெந்த மனிதனும் துணியாத நிறமொன்றை உண்டாக்கி, தன் வீட்டு அடுப்படிச் சுவருக்கு உள்ளும் புறமும் அவரே அடித்தது. வீடு அதே ஊழியர் குடியிருப்பில், ஆற்றோட்டத்துக்கு எதிரே அரை மைல் மேலே. கரையோரம். அடுப்படி ஆற்றைப் பார்த்து.

அவர் கை தானாகவே போனை எடுத்தது.

“என்ன அதிசயம், ஆபீஸ் நேரத்துல பொண்டாட்டி ஞாபகம்?” என்றாள் மனைவி.

“குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வா.”

“இப்பதாங்க தூங்குனா. விடியக்காலையிலேர்ந்து பின்னாடி ஒரே சத்தம், நாய் எலும்பைக் கடிக்கிற மாதிரி. இப்பதான் நின்னுச்சு, அவளும் கண்ணசந்தா.”

“நின்னுடுச்சா?”

“ஆமா. நல்லவேளை.”

“வெளிய வா. இப்பவே.”

“மழையிலயா? உங்களுக்கென்ன பைத்தியமா?” போனை வைத்துவிட்டாள்.

அவர் ஓடினார். செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. வலப்பக்கம் ஆறு கூடவே வந்தது. கரை நெடுக மரங்கள், வேர்கள் அந்தரத்தில் தொங்க, எதையோ எட்டிப் பார்ப்பவைபோல் நின்றன. ஓசையில்லை. இவ்வளவு தண்ணீர், ஓசையில்லை.

வீடு இருந்தது. கதவு, சன்னல், கொடியில் துணி. அவருக்கு அழுகை வந்தது. கதவைத் தள்ளினார்.

கூடத்தின் அந்தக் கோடியில், அடுப்படி வாசலில், தோளில் தூங்கும் குழந்தையோடு மனைவி. “வந்துட்டீங்களா,” என்று சிரித்தாள்.

அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். தரை, வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது.

குனிந்து பார்த்தார். துடைத்த தரை. காய்ந்த தரை. தரையோடுகளின் இடுக்குகளில் மட்டும் நீர்க்கோடுகள். ஏறின. இறங்கின. ஏறின. மூச்சு விடுவதுபோல்.

அங்கேயே நில் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“இந்தாங்க, பிடிங்க இவளை,” என்று அவள் அவரை நோக்கி அடியெடுத்து வைக்கக் காலைத் தூக்கினாள்.