பூச்சியம் எடுத்தவர்கள்

காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தின் வாசலில் எல்லோரும் சிதைவுமானியில் கட்டைவிரலை வைத்தார்கள். நேற்று இதயத் தசையில் எவ்வளவு புரதம் உடைந்தது என்பதை அது கொட்டை எழுத்தில் காட்டும். நாற்பதைத் தாண்டினால் வேலை கிடையாது. பத்துக்குள் இருந்தால் லிஃப்ட். மற்றவர்களுக்கு மாடிப்படி.

இயக்குநர் சௌந்தரபாண்டியன், எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை. பூச்சியம். மூன்றாவது ஆண்டாகப் பூச்சியம். பதினொரு மணிக்குப் பாராட்டு விழா. 'உடையா நெஞ்சர்' என்ற பட்டம் அச்சாகி வந்திருந்தது.

சிதைவைத் தடுக்கும் மாத்திரையைக் கண்டுபிடித்த மங்கையர்க்கரசி அவர் அறைக்குள் போனாள்.

"சார், மாத்திரைய நிறுத்திருங்க. பூச்சியம் எடுத்துச் செத்துப்போன பதினோரு பேரோட இதயத்த அறுத்துப் பாத்துட்டேன். செல்லுக்குள்ள பழைய புரதம் குமிஞ்சு கிடக்குது. அத உடைச்சு வெளிய தள்றதுதானுங்க செல்லோட வேலை. நாம குப்பை லாரிய நிறுத்திட்டு ஊரு சுத்தமாயிருச்சுங்கிறோம்."

"எப்படிச் செத்தாங்க?"

"கொஞ்சம் வேகமா நடந்தாங்க. அவ்வளவுதான்."

"நிறுத்தினா என் எண் எவ்வளவு வரும்?"

"முப்பது, முப்பத்தஞ்சு."

"முப்பதா? ஏம்மா, அது என் டிரைவரோட எண்ணு!" சாவைப் பற்றிக் கேட்டபோது வராத நடுக்கம் இப்போது குரலில் வந்தது. "அமைச்சர் வர்றாரு. விழா முடியட்டும். குழு போட்டுப் பாக்கலாம்."

அவள் தன் மகள் நிறைமதிக்கு மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகிறது. செல் மறுபடி உடைக்கத் தொடங்கினால் எண் ஏறும், பிள்ளை பிழைப்பாள். மகளின் எண் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே தாய் ஊரில் அவளாகத்தான் இருப்பாள்.

மணிக்கட்டுப்பேசி அதிர்ந்தது.

"அம்மா! பூச்சியம்!"

"கண்ணு, யாராச்சும் மாத்திரை குடுத்தாங்களா? திருட்டுத்தனமாப் போட்டியா? சொல்லு, அம்மா திட்ட மாட்டேன்."

"சத்தியமா இல்லம்மா! மாத்திரையே இல்லாமப் பூச்சியம்னு ஹெட்மிஸ் மைக்ல சொன்னாங்க!"

சௌந்தரபாண்டியன் எழுந்தே விட்டார். "மாத்திரையே இல்லாமயா? பரம்பரையிலயே வந்திருக்கும்மா! பாப்பாவையும் மேடையேத்திருவோம்!"

"பரம்பரை இல்லீங்க சார், செல்லு உடைக்கறதையே மறந்துருச்சு! நிறைமதி, அப்படியே உக்காரு. அசையாத. அம்மா வந்துட்டே இருக்கேன்."

"உக்கார முடியாதும்மா. பூச்சியம் எடுத்தா மைதானத்தச் சுத்தி ஓடணும். விசில் அடிச்சுட்டாங்க."

பேசியை அவள் அணைக்கவில்லை. அதில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கைதட்டல் கேட்டது. நடுவே நிறைமதியின் மூச்சு கேட்டது. பிறகு கைதட்டல் மட்டும் கேட்டது.