மதகின் ஐந்தாவது தூண்

மதகில் தூண்கள் நான்குதான். வீதிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, இடுப்பளவு உயரம், வெள்ளைச் சுண்ணாம்பு. உருத்திரபுரத்து வாய்க்கால் வீதியால் எட்டு வருடமாகப் போய்வருகிற தயாளினிக்கு அதை யாரும் எண்ணிக் காட்டத் தேவையில்லை. இன்றைக்கு ஐந்து நின்றன.

புது எல்.ஈ.டி பல்ப்பின் கோளாறாக இருக்கும் என்று நினைத்தாள். ஸ்கூட்டியின் பழைய மஞ்சள் பல்ப் எது குழி, எது தண்ணீர் என்று காட்டாமல் இந்த மாரியில் மட்டும் அவளை இரண்டு தடவை விழுத்தியிருந்தது. அதனால்தான் கிளிநொச்சியில் மருந்து வாங்கிய கையோடு நிரஞ்சனின் கராஜில் நிறுத்தினாள். புது பல்ப்பைப் பூட்டி முடித்ததும் அவன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இதுக்கு எஞ்சினில இருந்து நேர கரண்ட் வருது. ரேஸ் குறைஞ்சா லைட் மினுங்கும். அரை மணித்தியாலம் நிண்டீங்களெண்டா பற்றரிக்கு மாத்தித் தாறன்."

"வேண்டாம் தம்பி. பிள்ளை தனிய நிக்கிறா. நாளைக்கு வாறன்."

பிள்ளை யதுர்ஷிகாவுக்கு எட்டு வயது. மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம். வாயில் வைத்து இழுக்கிற பம்ப் காலையில் முடிந்துபோனது. புதியது சீற்றுக்குக் கீழே இருந்தது. தகப்பனுக்குக் கொழும்பில் வேலை. பக்கத்து வீட்டார் கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஆறரை மணிக்கே மழை கறுத்து இருட்டிவிட்டது.

கைப்பிடியை முறுக்கி ரேஸைக் கூட்டினாள். ஒளி நிலைத்தது, தூண்கள் நான்காயின. தன்னையே ஏசிச் சிரித்துக்கொண்டாள். ஆனால் மதகுக்கு முன்னால் வீதி முழுக்கச் சகதி. வாய்க்கால் வரம்பை முட்டிப் பாயும் இரைச்சலும், வயலில் ஆயிரம் தவளைகள் ஒரே மூச்சில் கத்துவதும், ஊறிய வைக்கோலின் புளித்த வாடையும் ஒன்றாக வந்து மூட, அவள் வேகத்தைக் குறைத்தாள். லைட் மினுங்கியது. ஐந்து. ஐந்தாவது தூண் இப்போது வீதியின் நடுவில் நின்றது. அதே நேரம் பின்சில்லு புதைந்தது.

முறுக்கினாள். சில்லு சேற்றை வாரி அடித்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கியது. அச்சுவரை இறங்கிய பிறகு பிடிக்காமலே ஸ்கூட்டி நிமிர்ந்து நின்றது. ஒளி மட்டும் அசையாமல் மதகைக் காட்டியது. நான்கு தூண், மழைக்கோடுகள், வெறும் வீதி. மதகுக்கு அப்பால் கால் மைலில் வீடு.

நடந்தே போய்விடலாம் என்று பம்ப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரேஸை விட்டதும் லைட் துடிக்கத் தொடங்கியது. இருட்டு, வெளிச்சம். இருட்டு, வெளிச்சம். ஒவ்வொரு வெளிச்சத்திலும் அந்த ஐந்தாவது வெள்ளை ஒரு முழம் கிட்ட நின்றது. நாலாவது அடியில் அதற்குத் தலைமயிர் இருப்பதைக் கண்டாள். ஈரமயிர்.

ஓடிவந்து ரேஸை முறுக்கினாள். வெறும் வீதி.

பின்னால் ஓட வழி இருந்தது. ஆனால் பிள்ளை அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் வெள்ளம். கைப்பிடியை விட முடியாது. வலது கை விறைத்தது. அழுகை வந்தது. பற்றரிக்கு மாற்ற அரை மணித்தியாலம் நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று தன்னைத் தானே திட்டினாள்.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"அம்மா, மூச்சு முட்டுது. எங்க நிக்கிறீங்கள்?"

"வந்திட்டன் ராசாத்தி. கதவைப் பூட்டிக்கொண்டு இரு."

"உங்கட லைட் இஞ்சை தெரியுது. ஒரே இடத்தில நிக்குது. நான் வாறன்."

"வராதை! யது, வராதை..."

தொடர்பு அறுந்திருந்தது. திரும்ப எடுத்தாள். மணி போனது. எடுக்கவில்லை.

ஸ்கூட்டி இரைந்தது. சூடான றப்பர் மணந்தது. வெளிச்சத்துக்குள் ஒன்றுமில்லை. எவ்வளவு நேரமாக ஒன்றுமில்லை? அது எங்கே போனது? வெளிச்சத்துக்குள் நிற்க முடியாதது இருட்டுக்குள் போயிருக்கும். இருட்டுக்குள்தான் பிள்ளை நடந்து வருகிறாள்.

"யது!"

தவளைகள் நின்றுவிட்டன. செருப்புச் சத்தம். சின்னச் செருப்பு. பிறகு மூச்சு, விசிலடிக்கிற மூச்சு.

மதகின் அந்தப் பக்கத் தூண்களுக்கு நடுவே பிள்ளை வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள். தனியாகத்தான் நின்றாள். இடது கையால் கண்ணை மறைத்திருந்தாள். வலது கை பக்கவாட்டில், தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. விரல்கள் எதையோ இறுகப் பிடித்திருந்தன.

"ஓடி வா! அம்மாட்ட ஓடி வா!"

"அம்மா, இவாதான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவா." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்தது. "லைட்டைக் குறைக்கட்டாம். இவாக்குக் கண் கூசுதாம்."

தயாளினி முழுதும் முறுக்கினாள். ஒளி வெள்ளையாக நிலைத்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் மழை. வேறொன்றுமில்லை.

"குறையுங்கோ அம்மா. கை நோகுது."

பிள்ளையின் கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. குதிக்கால்கள் நிலத்தை விட்டன. ஒரு செருப்பு கழன்று சேற்றில் விழுந்தது.