எதிர்க்கரைப் புள்ளி

"ஜெரோம்! ஏலே ஜெரோம்!"

செம்மலர் கத்திய கத்தலுக்குப் பள்ளத்தாக்கே பதில் கொடுத்தது. ஜெரோமைத்தான் காணோம்!

மேற்கு மலையில், கிழக்கே ஓடும் ஓடை இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே பாயும் இடம் அது. கூடப் படித்த செம்மலர், மாரி, ஜெரோம் மூவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதியிருந்தார்கள். செயற்கைக்கோள்களை வைத்து 'நீ இங்கே நிற்கிறாய்' என்று ஜி.பி.எஸ். கருவி சொல்கிறதே, அது எங்கே உண்மை பேசுகிறது, எங்கே புளுகுகிறது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள். அதனால் அதற்கு அரிச்சந்திரன் என்று பெயர். வயல்வெளி, வாழைத்தோட்டம், திருநெல்வேலிக் கடைத்தெரு எல்லாம் சோதித்தாகிவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கு மட்டும்தான் பாக்கி. "ஓடையோரமா ஒரு நடை போயிட்டு வாரேன்" என்று கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய ஜெரோம், மலைமேல் மழை பிடித்த பிறகும் திரும்பவில்லை.

அவன் கருவி மட்டும் ரேடியோ வழியாகச் செம்மலரின் லேப்டாப்புக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தது. திரையின் வரைபடத்தில், வடகரையில் ஒரு பாறை இடுக்கில் அவன் புள்ளி அசையாமல் நின்றது. பெண்கள் இருவரும் முள்ளில் விழுந்து எழுந்து அங்கே ஓடினார்கள். இடுக்கில் இருந்தது ஓர் ஓணான்!

"தண்ணி ஏறுதுட்டி," என்றாள் மாரி. ஓடை செம்மண் நிறமாகியிருந்தது. காட்டு வெள்ளம் வருகிறது! அவன் எங்கேயாவது காலை உடைத்துக்கொண்டு கிடந்தால்? செம்மலருக்கு ஜெரோம் என்றால் உயிர். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை என்பது வேறு சங்கதி.

மாரியைக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"மாரி! கடைத்தெருவுல அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

மாரிக்கு மறக்குமா? ஜெரோம் புரோட்டாக் கடையில் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் புள்ளியோ எதிர்ச்சாரி நகைக்கடைக்குள் நின்றது! 'யாருக்குலே மோதிரம் வாங்குத?' என்று ஒரு வாரம் அவனைப் பாடாய்ப் படுத்தியவள் அவள்தானே.

"தெக்க இருந்து வந்த சிக்னலைக் கட்டடம் மறைச்சிட்டு. அது எதிர்ச் சுவருல பட்டுத் திரும்பி அவன்கிட்ட வந்துச்சு. சுத்தி வந்த தூரத்தையும் சேத்து எண்ணி, கருவி அவனை எதிர்ப்பக்கம் தள்ளிட்டு. இங்கயும் ரெண்டு பக்கமும் சுவருதானட்டி!" என்றாள் செம்மலர்.

அரிச்சந்திரனிடம் மலையின் வடிவம் முழுக்க இருந்தது. தென்கரைப் பாறையடியில் ஒருவன் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள்கள் அவனுக்கு மறையும் என்று கேட்டாள். தெற்கு வானத்தில் மூன்று என்றது. அந்த மூன்றின் சிக்னலும் தேய்ந்துபோய்த்தான் வந்திருந்தது. மூன்றையும் தள்ளிவிட்டு மறுபடி கணக்குப் போட்டாள். புள்ளி ஒரே தாவலில் அக்கரைக்குப் போனது!

"இப்பக் கடந்தா திரும்ப முடியாதுட்டி. உன் கணக்கு தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா அவன் நமக்கு இல்ல. கயித்தை எடு!"

லேப்டாப்பை உயரமான மரக்கிளையில் கட்டினார்கள். கயிற்றை அடிமரத்தில் முடிந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். நடு ஓடையில் செம்மலருக்குக் கால் வழுக்கியது. மாரி சடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்! கரையேறி, பாறையடியில் குனிந்து பார்த்தால், வீங்கிய கணுக்காலோடு ஜெரோம்! தண்ணீர் அவன் முட்டியைத் தொட்டிருந்தது. ஆளுக்கொரு கையாக அவனை மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். சற்று நேரத்தில் வெள்ளம் உறுமிக்கொண்டு வந்து அந்தப் பாறையடியை மூடியது.

செம்மலர் அவனை இரண்டு அடி அடித்தாள், பிறகு அழுதாள்.

"ஓடை இரைச்சல்ல நான் கத்துனது கேட்டிருக்காதே. எப்பிடிட்டி கண்டுபிடிச்ச?"

"புள்ளி எதிர்க்கரையில நின்னுச்சு. அன்னைக்கு நகைக்கடையில நின்ன மாதிரியே."

ஜெரோம் தலையைச் சொறிந்தான். "அன்னைக்குப் புரோட்டா தின்னுக்கிட்டே நான் பாத்துக்கிட்டு இருந்தது அந்த நகைக்கடையைத்தான். உன் விரல் அளவுதான் தெரியல."

எந்த இடத்தில் எப்படிப் புளுகும் என்று தெரிந்துவிட்டால், புளுகும் வழிகாட்டும். அன்று மூவரும் கற்றது அவ்வளவுதான்.

கணுக்கால் ஆறியதும் ஒருநாள், அவர்கள் நிஜமாகவே அந்த நகைக்கடைக்குள் நுழைந்தார்கள். மாரி வழக்கம்போலக் கருவியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். புள்ளி புரோட்டாக் கடையில் நின்றது!