சுருள் திரையின் கனம்

நேற்று ஒற்றைக் கையால் ஏற்றிக் கட்டிய சுருள் திரை, இன்று மதியம் முடிச்சை அவிழ்த்ததும் அவளையே கயிற்றோடு ஒரு சாண் மேலே தூக்கியது.

எம்பித் தொங்கித் தரைக்கு வந்தாள். மேடையின் அந்தக் கோடியில் ஆணி அடித்துக்கொண்டிருந்த அண்ணனின் சுத்தியல் சத்தம் நின்றது. துணி ஈரம் குடித்திருக்கும் என்றான். அவள் மோந்து பார்த்தாள். காய்ந்த பெயின்ட், தூசி, அதற்கும் அடியில், வெகுநேரம் மூடிக்கிடந்த வாயைத் திறந்ததுபோல ஒரு வெதுவெதுப்பான வாடை. ஈரமில்லை.

பொம்பளை கட்டிய திரை நிற்குமா என்று வேலை கொடுக்கும்போதே இழுத்தார் நாடகக் குழுவின் முதலாளி. முதல் காட்சிக்கு வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தாள். காட்சி ஆறு மணிக்கு.

மெல்ல இறக்கினாள். இருபது அடித் துணி. அளந்து, வெட்டி, தைத்து, அடிக்குழாயில் சுற்றியது அவள்தான். பதினோரு சுற்று. வரைந்த வானம் இறங்கியது, மரங்கள் இறங்கின, பாதை இறங்கியது. பதினொன்றில் குழாய் மொட்டையாகத் தரையில் உட்கார வேண்டும்.

உட்காரவில்லை. ஆள் இடுப்பு அகலத்துக்குச் சுருள் இன்னும் மிச்சமிருந்தது. உருண்டது. பன்னிரண்டு. பதின்மூன்று. வந்த துணியில் ஓவியமில்லை. சாம்பல் நிறம். தையல் இல்லை.

"விட்டுட்டு வா," என்றான் அண்ணன். "கயித்த அறுத்துடலாம்."

"என்னைக் கேக்காம இதுல ஒரு முழம் சேர முடியாதுண்ணே."

காலடிச் சத்தம். கதவுச் சத்தம். போய்விட்டான்.

அவள் கயிற்றை விடவில்லை. கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"யாரா இருந்தாலும் சரி. ஆறு மணிக்கு இது மேல போயாகணும்."

இழுத்தாள். சுருள் ஒரு அடி எழுந்தது. நின்றது. உள்ளே ஏதோ புரண்டு படுத்தது.

மறுபடி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. இன்னும் அரை அடி.

அவள் பக்கம் பார்த்த சுருள் வாயில், மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவிலிருந்து, விரல்கள் வந்தன. சாம்பல் நிறம். தட்டை. நகமில்லை. ஒவ்வொன்றாகக் கயிற்றைப் பற்றின.

அவள் குதிகாலை ஊன்றினாள். பல்லைக் கடித்தாள். இழுத்தாள்.

அங்கே இன்னொரு கை வந்தது. முதல் கைக்கு முன்னால் பிடித்தது. அப்புறம் முதல் கை. அப்புறம் இரண்டாவது. அவசரமில்லாமல், கைமேல் கை மாற்றி, அது அவள் கையில் சுற்றியிருந்த கயிற்றை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது.